அம்பு ஒட்டிய வரிகள்

அந்தப் புத்தகம் எப்படிக் கிடைத்தது என்று கேட்கிறவர்களிடம் பழைய பேப்பர் கடையில் கிடைத்தது என்று சொல்லி வந்திருக்கிறேன். முதல் தடவை அவ்வளவுதான் சொன்னேன். அடுத்த தடவை வெளியே மழை பெய்தது. அதற்கடுத்த தடவை கடைக்காரர் அதைத் தராசில் வைத்திருந்தார், நான் தட்டிலிருந்து பாய்ந்து எடுத்தேன். இந்த இடம் வரும்போது கூட்டத்தில் ஒரு சின்னப் பெருமூச்சு எழும். அது எனக்குப் பிடித்திருந்தது. எந்தக் கடை, எந்தத் தெரு என்று பொன்னாடை போர்த்திய யாரும் கேட்டதில்லை.

கடை இல்லை. மழையும் இல்லை. அது ஒரு கிளை நூலகத்துப் புத்தகம். எங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்த ஒரு அக்கா தன் கார்டில் எடுத்து வந்தது. அவரிடமிருந்து அமுக்கிக்கொண்டேன். ஐம்பது வயதாகிறது, இப்போதும் கை 'அமுக்கிக்கொண்டேன்' என்கிற சொல்லைத்தான் தேடிப் பிடிக்கிறது. சரி. திருடினேன்.

கம்பெனி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். திருப்பூர் பக்கம் வீரபாண்டியில் சிமென்ட் ஷீட் கூரை போட்ட ஒரே நீளக் கட்டடம். இருபது மிஷின், ஒரு கட்டிங் டேபிள், மூலையில் அப்பாவின் கண்ணாடி அறை. தோட்டத்துக் கிணறு கைவிட்ட பிறகு அப்பா ஆரம்பித்தது. காடு போய்க் கம்பெனி வந்தாலும் அப்பாவின் நடை மாறவில்லை. வரப்பில் நடப்பது போலவே மிஷின்களுக்கு நடுவில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். பிளஸ் டூ பரிட்சை முடிந்த லீவில் நான் வீட்டில் சும்மா படுத்துக் கிடந்தேன். "படுத்துத் திங்கற கழுதைக்கு ஒரு வேலை குடுங்க" என்று அம்மா சொல்ல, அட்டைப் பெட்டிக்கு லேபிள் எழுத என்னைக் கம்பெனியில் கொண்டுபோய் உட்கார வைத்தார். என் மேசை செக்கிங் டேபிளுக்குப் பக்கத்தில் இருந்தது.

செக்கிங் என்றால் தைத்து வந்த ஒவ்வொரு பீஸையும் டியூப் லைட்டுக்குக் கீழே விரித்து, உள்ளே கை விட்டு, திருப்பி, பிசிறு நூலை ட்ரிம்மரால் வெட்டி, தப்பு இருந்தால் கண்டுபிடிப்பது. ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம். தப்பு இருக்கிற இடத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அம்பு வடிவத்தில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு இருக்கும். அம்பின் முனை தப்பைக் காட்டும். அதைப் பார்த்து ஆல்ட்ரேஷன் டெய்லர் சரி செய்வார். நான் பிறந்து வளர்ந்ததே இதற்கு நடுவில். அம்பு என்றால் தப்பு என்பது எனக்கு அரிச்சுவடிக்கு முன்னாலேயே தெரியும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நான் மறந்துவிட்டேன்.

அந்த அக்காவுக்கு அப்போது இருபத்தைந்து இருக்கும். பல்லடம் பக்கத்து ஊர். அவருடைய அப்பாவும் அம்மாவும் ஒரு காலத்தில் எங்கள் தோட்டத்தில் களை வெட்டியவர்கள், அந்தப் பழக்கத்தில்தான் வேலை கிடைத்தது. புறங்கையில் ஒரு வரிசை அம்புகளை ஒட்டி வைத்துக்கொண்டு, பார்க்காமலே ஒவ்வொன்றாகப் பிய்த்து ஒட்டுவார். மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுக் கட்டிங் டேபிளுக்கு அடியில் சாய்வார்கள். இவர் மட்டும் பனியன் குவியலுக்குள்ளிருந்து ஒரு புத்தகத்தை எடுப்பார். விரல் வரியின் கீழே நகரும். எங்காவது நிற்கும். புறங்கையிலிருந்து ஒரு அம்பைப் பிய்த்து ஓரத்தில் ஒட்டுவார். மறுபடி நகரும்.

"என்ன படிக்கறே?" என்றேன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவரை அப்படித்தான் கேட்டேன். எங்கள் வீட்டில் அதுதான் பழக்கம்.

"ஒரு கிறுக்கன் எழுதினதுங்க அம்மிணி. ஒருத்தரையும் உட மாட்டீங்கறான். சாமி, சாதி, பண்ணையக்காரன், பொண்டாட்டி, அல்லாத்தையும் வெச்சு வாங்கறான்."

"குடு பாக்கலாம்."

"லைப்ரரிதுங்க."

"தின்னுற மாட்டேன், குடு."

"அதுல அம்பு ஒட்டிருக்குதுங்க, உரிச்சுறாதீங்க. குடுக்கறன்னைக்கு நானே உரிச்சுருவேன். பென்சில்ல கோடு போட்டா அழிச்சாலும் தடம் தெரியும்."

அன்று மத்தியானம் படிக்க ஆரம்பித்தேன். எப்படிச் சொல்ல. எங்கள் ஊரில் எல்லோரும் மெதுவாகப் பேசுவார்கள். எல்லா வாக்கியத்தின் வாலிலும் ஒரு மரியாதை தொங்கும். வைவதைக்கூட வாங்க போங்க என்று வைவார்கள். இந்த ஆள் வாசற்கதவை உதைத்துக்கொண்டு வந்தார். நான் கும்பிட்ட சாமி, எங்கள் சொந்தத்தில் கட்டிக்கொடுக்கிற வழக்கம், எங்கள் கொல்லைக் குழாயடியில் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும் எவர்சில்வர் டம்ளர் எல்லாவற்றையும் பெயர் சொல்லி இழுத்து நடுத்தெருவில் போட்டார். டம்ளர் யாருக்கென்று எனக்குத் தெரியும். கம்பெனி ஆட்கள் வீட்டுக்கு வந்தால் அதில்தான் மோர். பதினேழு வருஷம் அதைப் பார்த்தும் அது ஒரு டம்ளர் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தப் பக்கத்தைப் படித்த ராத்திரி சோறு இறங்கவில்லை. இன்றுவரை என் எழுத்தில் ஏதாவது நெருப்பு இருந்தால் அது அந்தச் சோற்றுத் தட்டில் பற்றியது. இதைப் பொய்யாகச் சொல்லவில்லை.

ஆனால் நான் படித்தது புத்தகத்தை என்பதைவிட அம்புகளை. பதினோரு அம்புகள். அந்தந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பாக, இங்கே பார் இங்கே பார் என்றன. பிடித்த வரிகளுக்கு ஒட்டியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். பதினொன்றையும் மனப்பாடம் செய்தேன்.

அதில் ஒன்று, பிடிக்காத வேலையை அந்த நிமிஷமே போட்டுவிட்டு எழுந்து போகிறவன்தான் மனிதன், மற்றவர்கள் நுகத்தடி என்கிற அர்த்தத்தில் வரும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, சாயங்கால டீ நேரம். அப்பா சாயப்பட்டறைக்குப் போயிருந்தார். கேனிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நான் துணிக்கட்டின் மேல் ஏறி நின்றேன்.

"எல்லாரும் கேளுங்க. நான் ஒண்ணு படிக்கறேன்."

படித்தேன். ஏற்றி இறக்கி, கையை நீட்டி. மிஷின்கள் நின்றிருந்ததால் என் குரல் ஷீட்டில் மோதித் திரும்பி வந்தது. அது எனக்கே இனித்தது.

மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு டெய்லர் பன்னை டீயில் முக்கிக்கொண்டே, "அப்ப நாளைக்கு கம்பெனி லீவா பாப்பா? சொல்லிட்டீகன்னா ஊருக்கு பஸ் ஏறிருவேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிப்பு என்னைச் சுட்டது. "சிரிக்காதீங்க. இது நான் மட்டும் சொல்லறதில்ல. இந்த அக்காதான் இந்த வரிக்கு அம்பு ஒட்டி வெச்சிருக்காங்க. உங்கள்ல ஒருத்தருக்காவது அந்த ரோசம் இருக்குதா?" என்றேன். அவரை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதையே ஒரு புரட்சியாக நினைத்தேன்.

சிரிப்பு நின்றது. வாசலில் அப்பா நின்றிருந்தார்.

அப்பா கத்துகிறவர் இல்லை. என்னைப் பார்க்கவே இல்லை. செக்கிங் டேபிளுக்கு நேராக வந்தார்.

"ஏனுங்கம்மா, வேல புடிக்கலீங்களா?"

அக்கா எழுந்து நின்றார். அத்தனை வருஷத்தில் அப்பா அவரை 'ங்க' போட்டுக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. டெய்லர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்த மரியாதை என்னவென்று என்னைத் தவிர எல்லோருக்கும் புரிந்தது.

"நா ஒண்ணும் சொல்லலீங்க மொதலாளி."

"பொஸ்தகத்துல போட்டிருக்குதாமே. புடிக்காட்டி அந்த நிமிசமே போயிறோணுமாமா. போயிட்டு வாங்க."

அக்கா என்னைப் பார்த்தார். நான் துணிக்கட்டின் மேல் நின்றிருந்தேன். 'அவங்க சொல்லலை, நான்தான்' என்று மூன்று சொல் சொன்னால் போதும். அப்பா என்னை என்ன செய்துவிடுவார்? இரண்டு நாள் பேசமாட்டார்.

சொல்லவில்லை. பயத்தில் சொல்லாமல் இருந்திருந்தால் இன்று இத்தனை கூசமாட்டேன். எனக்கு அப்போது புல்லரித்துக்கொண்டிருந்தது. புத்தகத்தில் படித்தது கண் முன்னால் நடக்கிறது, ஒருத்தி எழுந்து போகிறாள் என்று நின்றேன். சினிமா பார்ப்பது போல. அக்கா புறங்கையிலிருந்த அம்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தாளில் திருப்பி ஒட்டினார். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கினார். புத்தகம் என் கையில் இருந்தது.

பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். கொல்லைப்பக்கம், குழாயடிக்கு. ஜன்னல் வழியே பார்த்தேன். அம்மா அந்த டம்ளரில் மோர் ஊற்றிக் கொடுத்தாள்.

"அம்மிணிகிட்ட ஒரு பொஸ்தகம் இருக்குதுங்க. தவணை முடிஞ்சுருச்சு."

அம்மா உள்ளே வந்து கேட்டாள். புத்தகம் என் தலையணைக்கு அடியில் இருந்தது. "கம்பெனிலயே வெச்சுட்டேன். அங்க போயிக் கேக்கச் சொல்லு" என்றேன். எந்தக் கம்பெனியிலிருந்து அனுப்பப்பட்டாரோ அங்கே போய்க் கேட்கச் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே அவருக்குக் கேட்டிருக்கும். "செரிங்க" என்று ஒரு சத்தம் வந்தது. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிற சத்தம் அதற்குப் பிறகு.

டம்ளரைப் பற்றி அந்தப் புத்தகம் சொன்னதைப் படித்துச் சோறு இறங்காமல் கிடந்தவளும் நான்தான். இரண்டுக்கும் நடுவில் இரண்டு வாரம் இருக்காது.

அதன் பிறகு பதினோரு வரிகளின்படி வாழ்ந்தேன். இதைச் சொன்னால் மிகை போலிருக்கும். அம்மாவின் கண்ணீரும் ஒரு சங்கிலிதான் என்று ஒரு அம்பு வரி. நிச்சயம் பண்ண வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்க, கொல்லை வழியாக வெளியேறி மெட்ராசுக்கு ரயில் ஏறினேன். அம்மா மூன்று நாள் பச்சைத்தண்ணீர் குடிக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அப்போதும் அந்த வரியைத்தான் சொல்லிக்கொண்டேன். பிடிக்காத வேலைகளை அந்தந்த நிமிஷமே விட்டேன். ஒரு கல்யாணத்தையும் அப்படியே விட்டேன். அவர் கெட்டவர் இல்லை, அன்றைக்கு எனக்கு அந்த வரி ஞாபகம் வந்துவிட்டது, அவ்வளவுதான். போன இடமெல்லாம் யாரோ சோறு போட்டார்கள். அவர்கள் முகம் பாதி மறந்துவிட்டது. எழுதினேன். வசனமுமில்லை கவிதையுமில்லை என்று முதலில் திட்டினார்கள், அப்புறம் அதையே பாராட்டினார்கள்.

பாராட்டு வாங்கித் தந்தது ஒரு பக்க அளவுக்கு ஒரு துண்டு. பனியன் கம்பெனியில் ஒரு பெண், முதலாளியின் முகத்துக்கு நேராக ட்ரிம்மரை வீசி எறிந்துவிட்டு, திரும்பிப் பாராமல் வெயிலுக்குள் நடந்து போகிறாள். கல்லூரிப் பாடத்தில்கூட வைத்தார்கள். அந்தப் பெண் யார் என்று கேட்டால், "நாம் எல்லோரும்" என்பேன். கை தட்டுவார்கள்.

போன தை மாதம் திருப்பூரில் புத்தகக் கண்காட்சி. ஒரு ஸ்டாலில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். கழுத்தில் எக்ஸ்போர்ட் கம்பெனி அடையாள அட்டையோடு ஒரு இளம்பெண் வந்தாள். கையில் புத்தகம் எதுவும் இல்லை.

"மேடம், காலேஜ்ல உங்க பனியன் கம்பெனிக் கதையப் படிச்சனுங்க. ஊட்டுல அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். அது நாந்தான்னாங்க அம்மா."

அவள் சாதாரணமாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வீரபாண்டில உங்க கம்பெனில செக்கிங்ல இருந்தாங்களாமா. நீங்க இங்க வர்றீங்கன்னு சொன்னேன். லைப்ரரி பொஸ்தகம் ஒண்ணு உங்ககிட்ட இருக்குதாம், ஞாவகம் இருந்தாக் கேட்டுட்டு வான்னாங்க."

ஞாபகம் இருந்தால்! அது எப்போதும் என் பையில் இருக்கும். கூட்டங்களில் எடுத்துக் காட்டுவதற்காக.

மறுநாள் காலை போனேன். பல்லடம் தாண்டி உள்ளே ஒரு ஊர். இரண்டு பக்கமும் விசைத்தறி தடதடக்கிற சந்தில், மூன்றாவது வீடு. அக்காவுக்கு இப்போது அறுபதை ஒட்டி இருக்கும். தலை முழுக்க நரைத்து, கண்ணாடி போட்டு, வாசலில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க அம்மிணி. மெலிஞ்சு போயிட்டீங்களே. பஸ்ஸுல வந்தீங்களா, கார்லயா?"

பேச வேண்டியதை எல்லாம் வழியில் ஒத்திகை பார்த்திருந்தேன். "அக்கா, நான் உங்களுக்குப் பெரிய அநியாயம்..." என்று தொடங்கினேன்.

"சித்த உக்காருங்க. பொஸ்தகத்தக் கொண்டாந்தீங்களா?"

எடுத்துக் கொடுத்தேன். முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். பக்கத்தைப் பிரித்ததும் ஒரு அம்பு உதிர்ந்து வெண்டைக்காய் மேல் விழுந்தது. பசை போய்விட்டது. ஒட்டியிருந்த இடத்தில் பழுப்பாக ஒரு அம்புத் தழும்பு.

"அடக் கெரகமே. உரிச்சிருக்கோணும். தடம் உழுந்துருச்சு பாருங்க."

"அந்த வரிகளாலதான் அக்கா நான் வாழ்ந்தேன். நீங்க அம்பு ஒட்டின அந்தப் பதினொண்ணும் எனக்கு மனப்பாடம்" என்றேன். அதைக் கேட்டு அவர் நெகிழ்வார் என்று எதிர்பார்த்தேன். இன்னும் அப்படித்தான் இருந்தேன், பாருங்கள்.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இதெல்லாம் தப்பு வந்த எடமுங்க."

"என்னது?"

"செக்கிங்ல நல்ல பீசுக்கு ஆராச்சும் அம்பு ஒட்டுவாங்களா அம்மிணி? நீங்க கம்பெனிக்காரர் ஊட்டுப் புள்ள!"

விசைத்தறிச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்பது போல நின்றேன். நன்றாகக் கேட்டது.

அவர் பக்கத்தைத் திருப்பி வெண்டைக்காய்ப் பால் ஒட்டிய விரலை வைத்தார். "இதப் பாருங்க. வேலையப் போட்டுட்டு எந்திரிச்சுப் போங்கறான். போனவன் ஊட்டுல அன்னைக்கு ராத்திரி ஆரு ஒல வெச்சது? அதக் காணோம். தையல் உட்டிருக்குது." இன்னும் நாலு பக்கம் தள்ளிப் போனார். "இங்க, ஆர் கையிலயும் சோறு வாங்கித் திங்காம ஊரூராத் திரிஞ்சங்கறான். முந்துன பக்கத்துல ஒரு பொம்பள கஞ்சி ஊத்தறா. குடிச்சுப் போட்டு அவ பேரக்கூடக் கேக்காமப் போறான். ஓட்டையுங்க இது. பெரிய ஓட்டை."

"அம்மாவோட கண்ணீர் சங்கிலின்னு..."

"அதுவா? அது கறை. வெளுத்தாப் போயிரும். அவங்கம்மா செத்த அன்னைக்குக் கோவத்துல எழுதிருப்பான், பாவம்."

"அப்ப உங்களுக்குப் புத்தகமே பிடிக்கலையா?"

"புடிக்காம? ஆகாத பீஸுக்கு ஆருங்க அம்ப வேஸ்ட் பண்ணுவா? அப்பிடியே ரிஜெக்ட்ல கடாசிருவமல்லோ. அம்பு ஒட்டறது சரி பண்ணிக்கலாம்னுதானுங்க. அந்த டம்ளர் பக்கத்துல ஒண்ணாச்சும் ஒட்டிருக்கனா பாருங்க. சுத்தமான பீஸு அது. அதப் படிச்சதுக்கப்பறம் நா ஒருத்தர் ஊட்டுலயும் கொல்லப்பக்கம் நின்னு குடிச்சதில்லீங்க. உங்கூட்டு மோருதான் கடைசியா வாங்குனது. அன்னைக்கும் குடிக்கல. செடிக்கு ஊத்திட்டுக் கழுவித்தான் வெச்சேன்."

அந்தக் கழுவுகிற சத்தத்தை எத்தனை தடவை நினைத்திருக்கிறேன்.

அம்பு என்றால் தப்பு. எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஒரு செக்கிங்காரப் பெண் அப்பேர்ப்பட்ட எழுத்தாளனிடம் தப்புக் கண்டுபிடிப்பாள் என்பது மட்டும் முப்பது வருஷத்துக்கு மேலாக என் புத்தியில் ஏறவில்லை. அவள் வியக்கத்தான் முடியும், பக்கத்தில் நின்று சிவப்பாகச் சுட்டிக் காட்டத்தான் முடியும் என்று எழுதாத சட்டம் எனக்குள் இருந்தது. அதை எந்தப் புத்தகமும் எடுக்கவில்லை. குழாயடி டம்ளரை வீட்டை விட்டு வரும்போது நான் கையோடு எடுத்து வந்திருக்கிறேன்.

"அப்பறம் அம்மிணி, ஒண்ணு. நா ட்ரிம்மர வீசலீங்க. டேபிள் மேலதான் வெச்சுட்டுப் போனேன். அது கம்பெனிதல்லோ. புள்ள படிச்சுக் காட்டறப்ப எனக்கு வெக்கமாப் போச்சு. சாமானத்த வீசறவளாட்டப் பண்ணிப் போட்டீங்களே."

"மன்னிச்சிருங்க அக்கா."

"வேல போனதுக்கு நா வெசனப்படலீங்க. மறுவாரமே வேற கம்பெனில உக்காந்துட்டேன். லைப்ரரிக்குத்தான் போக முடியல. பொஸ்தகம் குடுக்காம எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போறது? அந்தத் தெரு வழியாவே போறதில்ல. சுத்திக்கிட்டுப் போவேன்."

"இத்தனை வருஷமாவா?"

"புள்ள கொண்டாந்து தருவா. அது அவ தேடி எடுத்தது. நாமளே போயி அலமாரில நின்னு இழுத்துப் பாக்கற மாதிரி வராதல்லோ." வெண்டைக்காய்த் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தார். "வாங்க, இப்பவே போயிக் குடுத்துட்டு வந்தரலாம்."

பத்து நிமிஷ நடை. நூலகத்தில் இளம் வயதுப் பெண் ஒருவர் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். பரிட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் மேசை நிறைய. அக்கா செருப்பை வெளியே விட்டு, கையெடுத்துக் கும்பிட்டு, புத்தகத்தை நீட்டினார்.

நூலகர் நம்பரைத் தட்டிப் பார்த்தார். "சிஸ்டத்துலயே இல்லீங்களே. இது எங்க புக்குதானுங்களா?"

"முத்திரை இருக்குது பாருங்க."

கடைசிப் பக்கத்தைத் திருப்பியவர் சிரித்துவிட்டார். "நான் பொறக்கறதுக்கு முன்னாடிங்க இது! யாருங்க இத்தன நாள் வெச்சிருந்தது?"

நான் வாயைத் திறந்தேன். எனக்கு எப்போதும் பேச்சு ஒரு மூச்சுப் பிந்தித்தான் வரும்.

"நாந்தானுங்க. மறந்து போச்சு" என்றார் அக்கா.

"இல்லைங்க" என்றேன். படிக்கிற பிள்ளைகள் நிமிர்ந்தார்கள், குரல் மேடைக் குரலாக வந்துவிட்டது. "நான்தான் வெச்சிருந்தேன். இவங்க வீட்டுக்கு வந்து கேட்டாங்க. பொய் சொல்லி அனுப்பிட்டேன்."

நூலகர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரா இருந்தா என்னங்க மேடம், வந்துருச்சில்ல" என்று சொல்லி, புத்தகத்தைத் தனக்குப் பின்னால் இருந்த குவியலில் வைத்தார். முதுகு பிய்ந்த பழைய கைடுகளும் கறையான் தின்ற ஆண்டு மலர்களும் இருந்த குவியல். துணிக்கட்டின் மேல் சொல்லியிருந்தால் ஒரு வேலையைக் காப்பாற்றியிருக்கும் சொற்கள். இங்கே அவை யாருக்கும் தேவைப்படவில்லை.

அக்கா எட்டிப் பார்த்தார். "ரிஜெக்ட்டுங்களா?"

"ஆமாங்க. பைண்டிங் போயிருச்சு, பக்கமெல்லாம் கறை."

"கறை என்னுதுதானுங்க" என்றார் அக்கா. அப்புறம் கார்டு கேட்டார். பழைய நம்பரை மனப்பாடமாகச் சொன்னார். அதுவும் சிஸ்டத்தில் இல்லை. புதிதாகப் பாரம் நிரப்பச் சொன்னார்கள். மேசையோரம் நின்று முத்து முத்தாக எழுதினார். கடைசியில் ஒரு இடம், விண்ணப்பதாரரை அறிந்த ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும்.

பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டேன். ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்ட பேனா.

அக்கா பாரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சிரித்தபடிதான். "நீங்க வேண்டாமுங்க அம்மிணி. மத்ததுக்குன்னாச் செரி. பொஸ்தக விசயத்துல உங்க ஜாமீன் செல்லாது."

நூலகரும் சிரித்தார். நானும் சிரித்தேன். பேனாவை மூடத் தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

அக்கா திரும்பி, மேசையில் நோட்டும் கைடுமாகக் குனிந்திருந்த ஒரு பெண்ணிடம் போனார். "கண்ணு, ஒரு கையெழுத்துப் போடறயா? ஒழுங்காத் திருப்பிக் குடுத்துருவேன்."

அந்தப் பெண் யார் எவர் என்று கேட்கவில்லை. பாரத்தை வாங்கிப் பார்த்தாள். "எத்தன வருசமாத் தெரியும்னு கேட்டிருக்குதுங்களே பாட்டி. அஞ்சு வருசம்னு போட்டுறட்டுங்களா?"

"பொய் எழுதாத சாமி. இன்னைக்கிருந்து தெரியும்னு போடு."

அவள் அப்படியே எழுதினாள். அக்கா பாரத்தைக் கொடுத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அலமாரிகளுக்கு நடுவில் போனார். நான் வாசல் பக்கமாக ஒதுங்கி, அவர் செருப்புக்குப் பக்கத்தில் நின்றேன்.